இருபத்தாறு கதவும் ஒரு தாழ்ப்பாளும்

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தவள். கல்லல் பக்கத்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் வகுப்பும் இல்லை. நடந்ததெல்லாம் அம்பது வருசத்துக்கு முந்தி. முன்னே நடந்தது பின்னேயும் பின்னே நடந்தது முன்னேயுமாக வந்துவிடும். பாதி மறந்தே போச்சு. மறக்க முடியாமல் கிடப்பதை மட்டும் எழுதுகிறேன்.

போன மாசம் வெளியூரிலிருந்து ஒரு பொண்ணு கையில் ஒரு பழைய போட்டோவோடு கோட்டையூரில் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தது. போட்டோவில் கதவுகளாலேயே கட்டின ஒரு வீடு. ஒரு கதவுக்குப் பின்னால் ஒரு பொம்பளை, பாதி முகமும் நாலு விரலும் மட்டும் தெரிய நிற்கிறாள். "இவங்க யாருன்னு தெரியுமா பாட்டி?" என்று கேட்டது. தெரியாது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பாதி முகம் நான்தான். புது ஆள் எதிரே நின்று கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான். அந்தப் பொண்ணு போன பிறகு மனசு கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் அறுபதுகளின் கடைசியில் வேலை தேடிப் போகிறேன் என்று ரயில் ஏறினார். அப்புறம் காயிதமும் இல்லை, ஆளும் இல்லை. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் தாலி மட்டும் கழுத்தில் கிடந்தது. மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயசு, சின்னவளுக்கு நாலு. கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டில் கூட்டுகிற வேலை கிடைத்தது. அந்த வீட்டு ஆச்சி பின்கட்டு மாட்டுக் கொட்டகையில் எங்களை இருந்துகொள்ளச் சொன்னார்கள். மாடு இல்லாத கொட்டகை.

ஒருநாள் ஆச்சி கூப்பிட்டு, "வீட்டைப் பிரிக்கக் குடுத்தாச்சு ஆத்தா. பங்காளிக எல்லாரும் கையெழுத்துப் போட்டாக. நீ வேற எடம் பாத்துக்க" என்றார்கள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்களும் அந்த வீட்டை விட்டுத்தான் போனார்கள், மெட்ராசுக்கு, மகன் வீட்டுக்கு.

அந்த வீட்டைப் பிரிக்கிற வேலைக்கே நான் சித்தாளாகப் போனேன். மாசக்கணக்கில் நடந்த வேலை. கூரை ஓடுகளை இறக்க இறக்கச் சுமந்தேன். நாங்கள் படுத்திருந்த கொட்டகை ஓட்டையும் நானேதான் சுமந்தேன். இருக்க இடம் என்று மானகிரிப் பக்கம் ஒரு அணைந்துபோன சுண்ணாம்புக் காளவாயை ஒட்டின சாய்ப்பில் போய் ஒண்டினோம். மூணு பக்கம் சுவர், நாலாவது பக்கம் சாக்கு.

அங்கேதான் என் வீட்டுக்காரருக்கு அண்ணன், எனக்கு மூத்தார், வந்தார். எங்களில் மூத்தாரோடு நேருக்கு நேர் பேச மாட்டோம். நான் சாக்குக்கு உள்ளே நின்றேன், அவர் வெளியே. நடுவில் என் மூத்த மக.

"பெரியப்பாவை உக்காரச் சொல்லு" என்றேன்.

"எங்குட்டு உக்கார?" என்றார் அவர். "உங்காத்தாகிட்டக் கேளு. இன்னிக்கோ நாளைக்கோ வயசுக்கு வரப்போற பிள்ளைய சாக்கைக் கட்டி வச்சிருக்காளே, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஊரு யாரைக் கேக்கும்? என் தம்பியக் கேக்குமா? என்னையத்தான் கேக்கும்."

"எடம் தேடிக்கிட்டு இருக்கேன்னு சொல்லு."

"தேடட்டும். சேலத்துல தெரிஞ்சவுக வீடு இருக்கு. கைப்பிள்ளையப் பாத்துக்கிற வேலை. மூணு வேளைச் சோறு, மாடி வீடு, இம்மாம் பெரிய கதவு. ஐப்பசி மழைக்குள்ள கதவு வச்ச வீட்டுல நீங்க இருந்தீகன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லேன்னா பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருவேன்னு சொல்லு."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அவர் சொன்னதை எனக்குச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே நின்றாள்.

அவர் கெட்ட மனுசர் இல்லை. அவருக்கே அஞ்சு பிள்ளை. அவருக்கு அது ஒரு பாரம், எனக்கு அவள் என் உயிர். அன்றிலிருந்து பிரிக்கிற வீட்டில் எந்தக் கதவை இறக்கினாலும் அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை என்று கட்டின வீடு அது. அறைக்கு ஒரு தேக்குக் கதவு. எல்லாவற்றையும் நிலையோடு பேர்த்து வரிசையாகச் சாத்தி வைத்திருந்தார்கள். எனக்கு அதில் ஒன்று போதும்.

அப்போதுதான் ஒரு வெள்ளைக்காரத் துரைசானி வந்தார்கள். நல்ல உயரம், வெயிலில் சிவந்துபோன முகம், காலில் ரப்பர் செருப்பு. கூட காலேஜில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் ஒருவர், பேச்சை மாற்றிச் சொல்ல. துரைசானி கையில் ஒரு காயிதம் இருந்தது. அந்த மாதிரிக் காயிதம் நான் பார்த்ததில்லை. மடித்து மடித்து ஒரே நீளமாக, இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை போட்டது. விரித்தால் வாசலிலிருந்து வளவு முற்றம் வரைக்கும் வரும்.

எங்கள் வேலைக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் ஒரு ஆசாரி. வாய் சும்மா இருக்காது. "என்ன சார், கல்யாணச் சாமான் சீட்டா இம்புட்டு நீளமா?" என்றார்.

"பாட்டு ஆசாரி. வீட்டைப் பத்தின பாட்டு. மிஷின் எழுதினது" என்றார் வாத்தியார்.

"மிஷின் பாட்டு எழுதுச்சா? அப்ப நம்ம மாவு மிஷின்ல போயிக் கேட்டா தாலாட்டுப் பாடுமா?"

எல்லோரும் சிரித்தோம். வாத்தியாரும் சிரித்துவிட்டுச் சொன்னார்: "இது கணக்குப் போடற மிஷின். ஒரு ரூம்பு அளவு இருக்குமாம். வீடு, கூரை, மழை, அடுப்புன்னு சொல்லா உள்ள போட்டா, சோழி குலுக்கிப் போடற மாதிரி குலுக்கி வரிவரியா அடிச்சுத் தள்ளும். அம்மா அதுல ஒரு வரிய எடுத்து, அது சொல்ற மாதிரியே நெசமா ஒரு வீடு கட்டிப்புடுவாக. நாலு பேரு வந்து பாப்பாக."

"பாத்துட்டு?"

"பாத்துட்டுப் போவாக."

"சரி. குடியிருக்கது யாரு?"

வாத்தியார் காயிதத்தை விரித்து அதிலிருந்து சில வரிகளைத் தமிழில் படித்துக் காட்டினார். மழை படியேறி வந்து கூரையிடம் வழி கேட்டது. சுவர் நடந்து போனபோது அடுப்பு அழவில்லை. இப்படி என்னென்னமோ. மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவர் நடந்து போனதை நான் அந்த வீட்டில் கண்ணால் பார்த்திருக்கிறேன், என் தலையில் ஏறித்தான் போனது. அப்புறம் அவர் ஒரு வரி படித்தார். அதைத்தான் துரைசானி கட்டப்போவதாகச் சொன்னார்.

எல்லாக் கதவும் திறக்கும், எந்தக் கதவும் பூட்டாது, வந்தவர் இருக்கலாம்.

ஓட்டுக் கூடையைத் தலையில் வைத்தபடி நான் நின்றுவிட்டேன். முதல் இரண்டும் என் காதில் ஏறவில்லை. வந்தவர் இருக்கலாம் என்பது மட்டும் ஏறியது.

துரைசானி அந்த வீட்டுக் கதவுகளை எல்லாம் வாங்கினார்கள். இருபத்தாறு. மானகிரிக்குப் போகிற வழியில் ஒரு பொட்டலில், நிலையோடு நிலை சேர்த்து வட்டமாக நிறுத்தி, மேலேயும் ஆறு கதவைச் சரிவாகப் படுக்க வைத்து ஆசாரி கட்டினார். நான் சாந்து குழைத்தேன், கல் எடுத்துக் கொடுத்தேன். கதவுகளில் இருந்த தாழ்ப்பாள், கொண்டி எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டார்கள். ஆசாரி முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். "தாழ்ப்பாள் இல்லேன்னா அது கதவு இல்ல சார், பலகை" என்றார். வாத்தியார் அதை மாற்றிச் சொல்ல, துரைசானி சந்தோசமாகத் தலையாட்டினார்கள்.

வேலை முடிந்த அன்று காலையில் ஆசாரி ஒரு பிடிவாதம் பிடித்தார். "என் கையால நிறுத்துன வீடு. பால் காய்ச்சாம ஒரு ஆளை உள்ள விட மாட்டேன்." துரைசானிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. ஆனால் பால் காய்ச்ச ஒரு சுமங்கலி வேண்டும். வேலை செய்கிற இடத்தில் பொம்பளை நான் ஒருத்திதான்.

"தாலி கழுத்துல கெடக்குல்ல?" என்றார் ஆசாரி. "நீயே காய்ச்சு."

"அவுக இருக்காகளோ இல்லையோ..."

"இல்லேன்னு காயிதம் வந்துச்சா? வரலைல்ல? காய்ச்சு."

மூணு கல் வைத்து, புதுச் சட்டியில் பால் ஊற்றிக் காய்ச்சினேன். பால் கிழக்கே பொங்கி வழிந்தது. ஆசாரி சிரித்துக்கொண்டே, "பொங்கிருச்சு. இனி இது ஒன் வீடுத்தா" என்றார். விளையாட்டாகச் சொன்னாரோ என்னமோ. எங்களுக்குப் பால் காய்ச்சுவது விளையாட்டு இல்லை. யார் காய்ச்சினார்களோ அவர்கள் அந்த வீட்டுக்காரர்கள். நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள், ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள், யாரும் இல்லை என்று சொல்லவில்லை. அன்றைக்குப் பொழுது சாயும் முன்னே காளவாயிலிருந்து பாயையும் சட்டியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் துரைசானி வந்து எங்களைப் பார்த்தார்கள். விரட்டப் போகிறார்கள் என்று ஒரு கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன். அவர்கள் கையைத் தட்டினார்கள். அப்போது எடுத்ததுதான் அந்தப் போட்டோ. "வரியில சொன்ன மாதிரியே ஆள் வந்திருச்சுன்னு அம்மாவுக்கு ரொம்பச் சந்தோசம்" என்றார் வாத்தியார். இருக்கச் சொல்லிவிட்டார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

காலேஜ் பிள்ளைகள் கூட்டமாக வந்து பார்த்தார்கள். "வீட்டுக்காரம்மா எந்தக் கதவுக்குப் பின்னாடிடா இருக்காக?" என்று ஒவ்வொரு கதவாகத் திறந்து விளையாடினார்கள். நான் சுற்றிச் சுற்றி ஓடி ஒளிந்தேன். எனக்கு அது நரகம். என் மூத்தவளுக்கோ அந்த வீடு சொர்க்கம். காலையில் எழுந்ததும் இருபது கதவையும் ஒன்று ஒன்றாகத் திறப்பாள். "ஆத்தா, இந்தக் கதவு கோழிக்கு. இது காத்துக்கு. இது சும்மா. இது அப்பா வந்தாருன்னா." ராத்திரிக்கு மட்டும் நான் கதவுகளை ஒருக்களித்து, இரண்டு பிள்ளைகளையும் நடுவில் போட்டு, அரிவாளைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வேன். அவள் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவாள்.

ஐப்பசி பிறந்ததும் மூத்தார் வந்தார். வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கதவுகளைக் கையால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நான் ஒரு கதவுக்குப் பின்னால்.

"கதவு எத்தனை?" என்று என் மகளைக் கேட்டார்.

"இருபத்தாறு பெரியப்பா. ஆறு கூரையில இருக்கு."

"தாழ்ப்பாள் எத்தனை?"

அவள் பக்கத்துக் கதவில் தாழ்ப்பாள் இருந்த ஆணி ஓட்டையை விரலால் தடவினாள்.

"உங்காத்தாகிட்டச் சொல்லு. நான் கதவு கேட்டது ஆள் வராம இருக்க. இங்க சுத்தியும் ஆள் வர்ற வழியால்ல இருக்கு."

"தாழ்ப்பாள் போட்டுருவோம்னு சொல்லு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மகள் உரக்கச் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை காலைல வாறேன். உள்ள இருந்து தாழ்ப்பாள் போட்டுக் காட்டச் சொல்லு. நான் வெளிய இருந்து தள்ளிப் பாப்பேன். தொறக்கலேன்னா பேசாமப் போயிருவேன். தொறந்துச்சுன்னா நீ பெட்டியக் கட்டிக்க."

நான் ஆசாரி வீட்டுக்கு ஓடினேன். வாசலில் நின்று அழுதேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. புதன்கிழமை வந்து, பத்தொன்பது கதவுக்கு உள்ளே குறுக்குச் சட்டம் வைத்து ஆணி அடித்தார். ஒரே ஒரு கதவை விட்டு, அதற்கு அந்தப் பெரிய வீட்டுத் தாழ்ப்பாளிலேயே நல்லதாக ஒன்றை எடுத்து மாட்டினார். போட்டுப் பார்த்தேன். டக்கென்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு என் வயிறு குளிர்ந்துபோனது. மகள் மட்டும் மூலையில் உட்கார்ந்து, "கோழிக் கதவை அடிச்சுட்டாரு" என்று அழுதாள். "சும்மா இருடி, ஒனக்காகத்தான்" என்று முதுகில் ஒன்று போட்டேன்.

வியாழக்கிழமை துரைசானி வந்தார்கள். ஒரு கதவைத் தள்ளினார்கள், இன்னொன்றைத் தள்ளினார்கள். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கத்தவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. மெட்ராசிலிருந்து சனிக்கிழமை ஆட்கள் பார்க்க வருகிறார்களாம், ஆணி அடித்தால் பாட்டு போச்சாம். ஆசாரியைப் பிடுங்கச் சொன்னார்கள். "பால் காய்ச்சுன வீட்டுல நான் கடப்பாறை வைக்க மாட்டேன். என் தலைய எடுத்தாலும் வைக்க மாட்டேன்" என்று அவர் எழுந்து போய்விட்டார். துரைசானியே ஆணி பிடுங்கினார்கள். மத்தியானம் வரைக்கும், ஒவ்வொன்றாக. உள்ளங்கை கொப்பளித்து ரத்தம் கசிந்தது.

கடைசியாகத் தாழ்ப்பாளில் கை வைத்தபோது நான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். என் ஆயுசில் புது ஆளுக்கு முன்னால் அப்படி வந்தது அது ஒரு தரம்தான். காலில் விழுந்தேன். "நாளைக்கு ஒரு நாளைக்கு விட்ருங்கம்மா. என் பிள்ளைய வாங்கிட்டுப் போயிருவாக."

வாத்தியார் மாற்றிச் சொன்னார். அவர்கள் நிறையப் பேசினார்கள், வாத்தியார் கொஞ்சமாகச் சொன்னார். "எல்லாம் முடிஞ்சதும் ஒனக்குப் பிடிச்ச கதவை எடுத்துக்கச் சொல்றாக."

"கதவை வாங்கி நான் எங்க மாட்ட சார்?"

அவர் குனிந்து கீழே கிடந்த ஆணிகளைப் பொறுக்கினார்.

"அப்ப அந்த மிஷின்கிட்டக் கேளுங்க. இன்னொரு வரி அடிக்கச் சொல்லுங்க. ஒரு கதவு மட்டும் பூட்டும்னு. அது சொன்னா அம்மா கேப்பாகள்ல?"

வாத்தியார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அது கடலுக்கு அங்குட்டு இருக்கும்மா. இங்க இருந்தாலும் அதுகிட்டக் கேக்க முடியாது. யாரு, என்னன்னு தெரிஞ்சு அது சொல்றதில்ல."

தாழ்ப்பாளைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். கனமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் மூத்தார் வந்தார். தள்ளிப் பார்க்கவில்லை. எல்லாக் கதவும் திறந்தே கிடந்தன. மகள் துணியைப் பையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்று கேட்டாள்: "ஆத்தா, எந்தக் கதவு வழியாப் போகட்டும்?" அவளே சுற்றிப் பார்த்துவிட்டு, அப்பா வந்தால் என்று வைத்திருந்த கதவு வழியாகப் போனாள். போகும்போது அதை மெல்லச் சாத்திவிட்டுப் போனாள். காற்றில் அது மறுபடி திறந்துகொண்டது.

பத்து நாளில் லாரி வந்து கதவுகளை ஏற்றிக்கொண்டு போனது. எங்கே என்று தெரியாது. சின்னவளும் நானும் மறுபடி காளவாய்க்குப் போனோம்.

மகள் சேலத்தில் நாலு வருசம் இருந்தாள். இரண்டு தரம்தான் பார்த்தேன், இரண்டு தரமும் மூத்தார் வீட்டில், அவர்கள் முன்னால். அவளுக்குப் பதினாறு ஆனபோது கோட்டையூரில் எனக்கு ஒரு அறை வாடகைக்குக் கிடைத்தது, ஆசாரி வந்து அந்தத் தாழ்ப்பாளை அதில் மாட்டித் தந்தார். நான் மூத்தார் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து அவளைத் திருப்பி வாங்கினேன். கூட்டி வந்ததும் முதல் காரியமாக அவளுக்குக் காட்டினேன். "பாருத்தா, நம்ம தாழ்ப்பாள்." போட்டும் காட்டினேன். அவள் முகம் வெளிறிப்போய், கையைத் தட்டிவிட்டுத் திறந்துகொண்டு வெளியே ஓடினாள். வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கூப்பிடக் கூப்பிட வரவில்லை.

ரொம்ப நாள் கழித்து, ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள். "அந்தச் சேலத்து வீட்டுல அவுக கடைக்குப் போனாலும் ஊருக்குப் போனாலும் என்னைய உள்ள வச்சு வெளிய பூட்டிட்டுப் போவாக ஆத்தா. ஒருக்கா மூணு நாளு. நல்ல கதவு. தட்டுனா வெளிய கேக்காது." சுளகை இரண்டு தரம் தட்டினாள். "அந்தக் கதவு வீட்டுலதான் நான் நல்லாத் தூங்குனது."

அன்றைக்கே தாழ்ப்பாளைக் கழற்றினேன். ஆணி ஓட்டை மட்டும் கதவில் நின்றது. இப்போது அவளுக்கும் அறுபது தாண்டிவிட்டது. அவள் வீட்டில் இன்றைக்கும் எல்லாக் கதவும் திறந்துதான் கிடக்கும். நான் போய்த் தங்கினால் விடிய விடிய முழித்துக் கிடப்பேன்.

போட்டோ கொண்டுவந்த பொண்ணு இதைப் படித்தால் ஒன்று செய்ய வேண்டும். நடந்தது எழுபதா எழுபத்தொன்றா என்று எனக்குச் சரியாகத் தெரியாது. கதவு இருபத்தாறுதானா என்றும் போட்டோவில் எண்ணிப் பாருங்கள். இதெல்லாம் தப்பாக இருந்தாலும் குற்றமில்லை. ஆனால் ஓரத்தில் ஓட்டை போட்ட அந்தக் காயிதம் எங்கேயாவது இருந்தால், தெரிந்தவர்கள் யாராவது அந்த வரியைப் பார்த்துச் சொல்லுங்கள். வந்தவர் இருக்கலாம் என்று அதில் நெசமாகவே இருக்கிறதா? இல்லை, நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருக்கிறோமே என்று வாத்தியார் தாமாகச் சேர்த்துச் சொன்னதா? மிஷின் சொல்லவில்லை என்றால், என்னை அங்கே இருக்கச் சொன்னது யார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.